ஆத்தங்கரைக் கேள்வி பதில்: காப் மீன் நிற்கும் இடம்

போன இதழில் கெசல்கமு ஓயா என்ற ஆற்றில் காப் என்கிற கெண்டைக் குடும்ப மீனைப் பிடிப்பது பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அட்டனிலிருந்து பண்டாரவளை வரை பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவன். மீன்பிடி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இராக்காவல். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் லயத்து வீட்டுக்கு வராமல் நேரே ஆற்றுக்குத்தான் போவார். காசல்ரீ அணை கட்டி முடிந்த 1965இல் எனக்கு எட்டு வயது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அவர் உட்காரும் கல்லை மூடியதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு ஆறு நீர்த்தேக்கத்தில் விழுகிற வாய்க்கு அவர் இடம் மாறினார். நான் இன்றும் அங்கேதான் உட்காருகிறேன்.

சேர், தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் உட்கார்ந்தேன். ஒரு காப்கூடக் கடிக்கவில்லை. ரீல் வைத்த புதுத் தூண்டில். மண்புழு, பாண், மா உருண்டை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். இரையில் பிழையா, முள்ளில் பிழையா?
– இளம் வாசகர், கொட்டகலை

இரண்டிலும் இல்லை தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பெரிய பாறை, அதன் கீழே வெள்ளையாக நுரைத்து ஓடும் தண்ணீர், அந்த நுரைக்குள் உங்கள் தங்கூசி நூல். அழகான இடம்தான், ஆனால் காப் அங்கே நிற்காது.

அதன் உடம்பைப் பாருங்கள். முதுகு உயரம், பக்கம் தட்டை, வயிறு கனம். இழுத்தோடும் தண்ணீரை எதிர்த்து நாள் முழுக்க நிற்க அந்த உடம்புக்கு முடியாது. பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்ன மீன்கள் நம் ஓடைகளில் இருக்கின்றன, அந்த நுரை அவற்றுக்குரியது. காப் சேற்றில் மேய்கிற மீன். அதன் வாய் குழாய்போல முன்னால் நீளும். சேற்றை உறிஞ்சி எடுத்து, புழு, நத்தை, விதை என்று வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிடும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் அரைக்கிற பற்களில் நத்தை ஓட்டையே நொறுக்கும். தனியாக இரைப்பை இல்லாத மீன் என்பதால் ஒரேயடியாகத் தின்று ஓயாது, கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஆற்றில் சேறு எங்கே படிகிறது என்று முதலில் தேடுங்கள். வளைவில் தண்ணீர் வேகமாக உரசுகிற வெளிப்பக்கம் வேண்டாம், உள்பக்கத்துக்குப் போங்கள். பெரிய பாறையின் முன்னால் வேண்டாம், பின்னால் தண்ணீர் சுழன்று ஓய்கிற இடத்துக்குப் போங்கள். மூங்கிலோ கொய்யாவோ சரிந்து நிழல் விழுகிற மடு நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது, ஆறு வந்து நீர்த்தேக்கத்தில் விழுகிற வாய். ஆறு சுமந்து வருகிற மண்ணும் தீனியும் வேகம் குறைந்து அங்கேதான் இறங்கும். நீர்த்தேக்கத்துக் காப் தீனி தேடி அந்த வாய்க்கு ஏறி வரும். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெசல்கமு ஓயா காசல்ரீயில் விழுகிற இடத்தில் நான் பிடித்த மீன்களில் முக்கால்வாசி இப்படி மேலே ஏறி வந்தவைதான்.

இடத்தைப் பிடித்த பிறகும் அவசரப்படாதீர்கள். அப்பா தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி, அது முடியும் வரை தூண்டிலைத் தொடமாட்டார். நான் சின்னப் பையன், எனக்குப் பொறுமை இருக்காது. 'அந்த வேர்ப் பக்கம் பாரு' என்பார். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் தெரியும்: கைப்பிடி அளவு கலங்கல், அதிலிருந்து வரிசையாக மேலே வரும் சின்னச் சின்னக் குமிழி. குமிழி ஒரே இடத்தில் வந்தால் அது சேற்றிலிருந்து வரும் காற்று. நகர்ந்து நகர்ந்து வந்தால் கீழே மீன் மேய்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் சிலவேளை வால் நுனிகூட வெளியே தெரியும். தண்ணீரைப் பார்க்காமல் தூண்டில் வீசினால், ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் கதவில் கடிதம் போடுவதுபோலத்தான்.

இன்னொன்று, சத்தம். காப் இனத்துக்கு நீந்தும் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் இடையே சின்ன எலும்புச் சங்கிலி ஒன்று உண்டு. அதனால் மற்றப் பல மீன்களைவிட அதற்குக் காது கூர்மை. கரையில் சப்பாத்துக் காலோடு தொம் தொம் என்று நடந்தால் அந்த மடு அரை மணி நேரத்துக்கு வெறுமை. கரை ஓரத்திலிருந்து இரண்டு பாகம் பின்னால் உட்காருங்கள். ஃபோனில் பாட்டு வேண்டாம்.

ஜனவரி மாதத்தில் ஒன்றும் கடிக்கவில்லையே, ஏன்?
– வாசகர், நுவரெலியா

குளிர். உங்கள் ஊரில் அந்த மாதம் விடியலில் புல்லில் பனி உறைகிறது. தண்ணீர் குளிர்ந்தால் காப் தின்பதும் குறைந்துவிடும். விடியலில் போகாமல் வெயில் ஏறிப் பதினொரு மணிக்குப் போங்கள், வெயில் விழுகிற ஆழமில்லாத ஓரத்தில் போடுங்கள். பங்குனி, சித்திரை வரட்டும், பிறகு விடியலே நல்ல நேரம்.

நீங்கள் எந்த இரை போடுகிறீர்கள்? கடையில் விற்கும் வாசனை இரை வாங்கலாமா?
– வாசகர், ராகலை

உருளைக்கிழங்கு விளைகிற ராகலையில் இருந்துகொண்டு கடை இரை கேட்கிறீர்களே. கிழங்கைத் தோலோடு அவியுங்கள். குழைய விடாதீர்கள், ஊசி குத்தினால் இறங்கவும் வேண்டும், உடையாமலும் இருக்க வேண்டும். ஆறிய பிறகு சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டாக வெட்டி முள்ளில் கோருங்கள். சின்ன மீன்கள் கொத்திக் கொத்தி மண்புழுவை முடித்துவிடும் இடங்களில் கிழங்குதான் நிற்கும்.

மழை பெய்து தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் மட்டும் மண்புழு. அப்போது மீன் கண்ணைவிட மீசையால்தான் தீனி தேடும். காப்புக்கு வாய் ஓரத்தில் இரண்டு சோடி மீசை, ருசி அதிலேயே தெரிந்துவிடும். மாட்டுத் தொழுவத்துச் சாணிக்குழியில் கிடைக்கும் சிவப்புப் புழு நன்றாகத் துடிக்கும்.

மா உருண்டைக்கு என் முறை இது. இரண்டு பங்கு கோதுமை மா, ஒரு பங்கு தேங்காய்ப் புண்ணாக்குத் தூள், ஒரு கரண்டி சீனி. தண்ணீர் தெளித்து ரொட்டி மாவைவிட இறுக்கமாகப் பிசைந்து, ஈரத் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் ஓட்டத்தில் கரையாது. பஞ்சு சேர்ப்பது அப்பாவின் முறை, நான் இன்னும் மாற்றவில்லை.

இரையைவிட முக்கியமானது பழக்கப்படுத்துவது. நீங்கள் தூண்டில் போடப் போவது ஞாயிறு என்றால், வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கைப்பிடி அவித்த சோளமோ கிழங்குத் துண்டோ போட்டுவிட்டு வாருங்கள். இரண்டு கைப்பிடி போதும். கூடினால் மிச்சம் அழுகி மடுவே நாறும், மீனும் விலகும்.

முள்ளை இரைக்குள் முழுக்க மறைக்க வேண்டியதில்லை. காப் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பும் என்றேன் அல்லவா? முள்ளின் வளைவுக்குப் பின்னால் அரை அங்குல நூல் விட்டு, இரையை அந்த நூலில் கட்டி, முள்ளை வெறுமையாக விடுங்கள். இரையோடு முள்ளும் உள்ளே போகும், துப்பும்போது உதட்டில் ஏறிவிடும். பெரிய காப் பிடிப்பவர்கள் பல நாடுகளில் இப்படித்தான் கட்டுகிறார்கள். உதட்டில் மட்டும் ஏறுவதால், சின்ன மீனைக் காயம் குறைவாகத் திருப்பி விடவும் முடியும்.

தங்கூசி மெல்லியதாக இருக்கக் கூடாது. காப்பின் முதுகுத் துடுப்பின் முன்முள் அரம்போலப் பல் வைத்தது. தங்கூசி அதில் உரசினால் அறுந்துபோகும். உங்கள் கையையும் அது கிழிக்கும், ஈரத் துணியால் பிடியுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது. காப் வெளிநாட்டு மீன் என்று அப்பா சொல்கிறார். உண்மையா? வெளிநாட்டு மீன் என்றால் நாங்கள் பிடிக்கலாமா?
– மாணவர், பொகவந்தலாவை

அப்பா சொன்னது சரி மகன். காப்பின் சொந்த இடம் ஐரோப்பா, ஆசியாவின் பெரிய ஆறுகள். நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்து விட்டது 1915இல். அதற்கு முன்பே, 1880களில், வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக ட்ரவுட் மீனை மலை ஓடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். நீ குளங்களில் பார்க்கிற திலாப்பியா 1952இல் வந்தது. உன் லயத்தைச் சுற்றி இருக்கிற தேயிலையும் இப்படி வந்ததுதான். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் அதைப் பயிர் செய்தார். இன்று உன் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான்.

பிடிக்கலாம், சாப்பிடலாம். ஒன்று மட்டும் செய்யாதே. பிடித்த காப்பை வாளியில் உயிரோடு கொண்டுபோய் மேலே இருக்கிற தெளிந்த ஓடையில் விடாதே. சேற்றைக் கிளறித் தின்கிற மீன் அது. தெளிந்த தண்ணீரைக் கலக்கிவிடும், செடியைப் பிடுங்கும். அந்த ஓடையிலேயே பிறந்து வளர்கிற நம் சின்ன மீன்கள் பாறைப் பாசியைத் தின்று வாழ்பவை, கலங்கலில் அவற்றால் பிழைக்க முடியாது. ஆற்றுக்குப் போகும்போது பெரியவர் ஒருவரோடு போ.

கம்பளைக்குக் கீழே மகாவலியில் கனத்த உதடுள்ள கரும்பச்சை மீன் ஒன்று மாட்டியது. நான் காப் என்று நினைத்தேன். கூட இருந்த சிங்களக் கூட்டாளி 'கடயா' என்று சொல்லி விடச் சொன்னார். விட்டது சரியா?
– வாசகர், கம்பளை

சரியாகச் செய்தீர்கள், உங்கள் கூட்டாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடயா கெண்டைக் குடும்பம்தான், காப்புக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன். மகாவலியின் மேல் பகுதிகளில் பாறைகளுக்கிடையே ஆழமாக ஓடும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். அணைகளால் அப்படிப்பட்ட இடம் குறைந்துவிட்டது, மீனும் அருகிவிட்டது.

அடையாளத்துக்கு முதுகைப் பாருங்கள். காப்பின் முதுகுத் துடுப்பு நீளம், முன்னால் அந்த அரம் முள் இருக்கும். கடயாவின் முதுகுத் துடுப்பு குட்டை. ஐயம் வந்தால் விட்டுவிடுங்கள். விடும்போது வறண்ட கையால் பிடிக்காதீர்கள், மீனின் மேல் வழவழப்பு போய்விட்டால் புண் வந்து சாகும். கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடித்திருங்கள். தானாக உதறிக்கொண்டு போகும்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் ஆற்றுக்குப் போகிறார். மழைக்காலத்திலும் நிறுத்துவதில்லை. 'இங்கே மழையில்லையே' என்று சொல்லிவிட்டுப் போகிறார். நான் பயப்படுவது பிழையா?
– வாசகி, மஸ்கெலியா

பிழையில்லை தங்கச்சி. இந்தப் பதிலை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

'இங்கே மழையில்லை' என்ற சொல்லால்தான் என் சித்தப்பா மகனை இழக்கப் பார்த்தோம். எனக்கு இருபத்தேழு வயது, அவனுக்கு இருபத்திரண்டு. ஓர் அணைக்குக் கீழே, ஆற்றின் நடுவில் இருந்த பாறையில் நானும் அவனும் நின்றோம். ஆடி மாதம், எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மேலே மலையில் இரண்டு நாளாகக் கொட்டிய மழை எங்களுக்குத் தெரியாது. கதவு திறக்குமுன் சங்கு ஊதியிருக்கிறார்கள், பாறையில் விழும் தண்ணீர்ச் சத்தத்தில் எங்கள் காதில் விழவில்லை. நான் கரைக்குப் போய் இரை எடுத்துத் திரும்புகிறேன், பாறையைக் காணவில்லை. அவ்வளவு நேரம்தான். அவன் கீழே கால் மைல் தூரத்தில் ஒரு கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கொழுந்து லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். இன்றைக்கும் மழைக்காலத்தில் அவன் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பாறைக்கு அவனைக் கூட்டிப்போனது நான் என்ற நினைவு வரும்.

உங்கள் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். மவுசாகலை, கெனியன், லக்ஷபான என்று ஒன்றின் கீழ் ஒன்றாக அணைகள். கெசல்கமு ஓயாப் பக்கம் காசல்ரீ, அதற்குக் கீழே நோட்டன். தென்மேற்குப் பருவமழை வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை இழுக்கும். நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் வான் கதவு திறப்பதும், தானாக நிரம்பி வழிவதும் அந்த மாதங்களில் சாதாரணம். ஆகவே அந்தக் காலத்தில் அணைக்குக் கீழே இறங்கவே வேண்டாம். ஆசை அடங்காவிட்டால் நீர்த்தேக்கத்தின் மேல் கரையில் உட்காரட்டும்.

மற்ற ஆறுகளில் இறங்கினாலும் உட்கார்ந்தவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைக்கச் சொல்லுங்கள். குச்சி நனைந்தால் எழும்ப வேண்டும். தண்ணீர் திடீரென்று தேத்தண்ணி நிறமானாலும், பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், ஆற்றின் அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலும் எழும்ப வேண்டும். தூண்டிலைச் சுருட்ட நிற்கக் கூடாது, போட்டுவிட்டு ஓட வேண்டும். நடுப்பாறையில் நிற்பது எந்த மாதமும் கூடாது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி மின்னல். இப்போது வருகிற கார்பன் தூண்டில் தடி மின்னலைக் கடத்தும். இடி முழங்கினால் தடியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும். ஆற்றுக்குப் போய்வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அட்டை கடித்தால் பயம் இல்லை. உப்பைத் தொட்டு வைத்தால் விழும்.

எங்கள் பக்கம் சிலர் வெடி போடுகிறார்கள், சிலர் மின்சாரக் கம்பி விடுகிறார்கள். பத்து நிமிடத்தில் சாக்கு நிறைகிறது. தூண்டிலோடு உட்காருவது வீண்தானே?
– வாசகர், அட்டன்

வீண் இல்லை. வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தில் தடை. சட்டத்தை விடுங்கள், சாக்கில் வருவது செத்ததில் ஒரு பங்கு மட்டும்தான். வெடியில் காற்றுப்பை கிழிந்த மீன் மிதக்காது, அடியில் போய்க் கிடக்கும். குஞ்சும் முட்டையும் அதோடு போகும். பெண் காப் ஒன்று ஒரு தடவையில் இலட்சக்கணக்கில் முட்டை இடும், கரையோரப் புல்லில் ஒட்டிவைக்கும். அந்தப் புல்லில் ஒரு வெடி விழுந்தால் அந்த வருடத்துக் குஞ்சுகள் எல்லாம் முடிந்தன. நஞ்சு போட்டால், தோட்டத்தின் கீழ்ப் பிரிவு லயத்தில் அதே ஓடையிலிருந்து குழாய் போட்டுக் குடிப்பவர்கள் நம் ஆட்கள். வெடி கையில் வெடித்து விரல் இழந்தவர்களை எனக்கு நேரிலும் தெரியும். மின்சாரக் கம்பி பிடித்தவரையே கொன்றுவிடும். பார்த்தால் பொலிஸுக்குச் சொல்லுங்கள், பெயர் சொல்லப் பயமாக இருந்தால் தோட்டத் தலைவர் மூலம் சொல்லுங்கள்.

காப் வாங்கினால் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. சேற்று மணம், அதோடு முள். எப்படிச் சமைப்பது?
– வாசகி, தலவாக்கலை

இது என் மனைவியின் பதில். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

மீன் உயிரோடு கிடைத்தால் உடனே வெட்டாதீர்கள். தொட்டியில் சுத்தத் தண்ணீர் விட்டு, தீனி போடாமல் இரண்டு நாள் வையுங்கள். அதிலேயே பாதி மணம் போய்விடும். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும்புகிற வாசம் இருக்கிறதே, அதே பொருள்தான் மீனிலும் மணக்கிறது. ஜியோஸ்மின் என்று பெயர். சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். அதனால்தான் நம் ஆத்தாமார் ஆற்று மீனுக்குப் புளி கூட்டிவைத்தார்கள்.

செதிலைச் சாம்பல் தொட்டுச் சுரண்டுங்கள், வழுக்காது. செவுள் பூவைப் பிடுங்கி எறியுங்கள். வயிற்றைக் கீறும்போது கத்தி ஆழமாகப் போகக் கூடாது. ஈரலோடு ஒட்டிப் பச்சையாக ஒரு பித்தப்பை இருக்கும். உடைந்தால் கறி கசக்கும். கசப்பு மட்டுமல்ல, காப்பின் பித்து விஷம். கண்ணுக்கு நல்லது, சளிக்கு நல்லது என்று பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஆசியா முழுக்க உண்டு. யார் சொன்னாலும் விழுங்காதீர்கள், சமைத்தாலும் விஷம் போகாது. வயிற்றின் உள்ளே இருக்கும் கறுத்த தோலையும் உரித்துவிடுங்கள், மணம் அதிலும் நிற்கும். அப்புறம் உப்பு, மஞ்சள், தேசிக்காய்ச் சாறு தடவி அரை மணி நேரம் வைத்துக் கழுவுங்கள்.

முள்ளுக்கு வழி பொரியல். காப்பின் சதைக்குள் இரட்டை நுனி வைத்த சின்ன முட்கள் வரிசையாக நிற்கும், பிடுங்க முடியாது. துண்டின் இரண்டு பக்கமும் தோலோடு நெல்மணி அகல இடைவெளியில் குறுக்கே கீறுங்கள். மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, கொஞ்சம் கொரக்காய்ப் புளி அரைத்துத் தடவி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மெதுவாகப் பொரியுங்கள். கீறிய இடத்தில் எண்ணெய் புகுந்து சின்ன முள் மொறுமொறுப்பாகிவிடும், பிள்ளைகளும் மென்று சாப்பிடலாம். குழம்பு வைப்பதென்றால் பொரித்ததையே போடுங்கள். வெந்தயம் தாளித்து, மல்லித்தூள் கூட்டி, புளியை வழக்கத்தைவிட ஒரு பங்கு அதிகம் கரைத்து, தேங்காய்ப்பாலைக் கடைசியில் விடுங்கள். அடுத்த நாள் காலை ரொட்டிக்கு அந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும்.

கடற்கரையிலிருந்து லொறியில் ஏறி வருகிற மீன் நம் மேசைக்கு வர இரண்டு நாளாவது ஆகிறது, விலையும் ஏறிவிட்டது. ஆற்றில் காலையில் எடுத்தது மத்தியானம் சட்டியில் இருப்பது நல்ல சாப்பாடு. இதை நான் சொல்கிறேன், அவர் தலையாட்டுகிறார்.

சேர் பிடித்ததிலேயே பெரிய காப் எது?
– வாசகர், பண்டாரவளை

நீர்த்தேக்கம் வற்றியிருந்த ஒரு பங்குனி. மவுசாகலையில் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் வெளியே வரும், பார்த்திருப்பீர்கள். எங்கள் காசல்ரீப் பக்கமும் அந்த வருடம் பழைய கரைகள் தெரிந்தன. அப்பாவின் கல்லும் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தது. அவருக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புகைச்சல், என் முகம்கூட வெளிச்சத்துக்கு எதிரே நின்றால்தான் தெரியும். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் கல்லில் உட்காரவைத்தேன். காலை ஏழு மணி இருக்கும். நான் குமிழியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, 'வலது பக்கம், வேர்க்கிட்ட, புரளுது' என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன இடத்தில் கிழங்குத் துண்டைப் போட்டேன்.

தக்கை முதலில் படுத்தது, பிறகு பக்கவாட்டில் நடந்தது, பிறகு காணாமல் போனது. முக்கால் மணி நேரம். காப் துள்ளிக் காட்டாது, ஆழத்துக்குத் தலையைக் குத்தி இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு தடவை வேருக்குள் நுழையப் பார்த்தது. அப்பா 'விட்டுப் பிடி, விட்டுப் பிடி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்கி அவர் மடியில் வைத்தேன். முகத்தருகே கொண்டுபோய், விரலால் வாய் ஓரத்தைத் தடவி மீசையை எண்ணினார். 'நாலு. காப்தான்' என்றார்.

கொழுந்து நிறுக்கிற தராசில் தொங்கவிட்டோம். ஏழு கிலோவும் சொச்சமும். லயத்தில் பதினொரு வீட்டுக்கும் ஒரு துண்டு போனது. தலையை ஆத்தா அப்பாவுக்கு எடுத்துவைத்தார்.